நாளிதழ்க் கட்டத்தில் இல்லாத ஏரி

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் நாளிதழைப் பிரிக்கும் பலருடைய கண் முதலில் தேடுவது ஒரு சிறிய கட்டத்தை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என்று ஏரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த இருப்பு. எங்கள் வீட்டில் அப்பா அதை வாய்விட்டுப் படிப்பார். அடுத்த கோடைக்கு இன்னும் இரண்டு குடம் வாங்கி வைப்பதா வேண்டாமா என்பதை அம்மா அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். ஒரு குடும்பம் தன் வருங்காலத்தை ஏரிக்கணக்கில் படித்த காலம் அது. இன்றும் பல வீடுகளில் அப்படித்தான்.

அந்த ஐந்து ஏரிகளும் நிரம்பித் ததும்பினால் மொத்த இருப்பு 11.757 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 2,830 கோடி. மாநகரத்தின் ஒரு நாள் செலவு சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. சென்னைக்கு நான்கு வாரத் தண்ணீர். ஆக, எல்லா ஏரியும் கரை தொட்டு நின்றாலும், வெயிலில் ஆவியாவதைக் கழிக்காமலே, பதினோரு மாதத்துக்குத்தான் வரும். ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் போதும், நகரம் வறண்டுவிடும்.

2018-இல் அதுதான் நடந்தது. அந்தப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2019 ஜூனில் ஏரிகளின் தரை வெடித்துக் கிடந்தது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடியாகக் குறைத்தது. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த நீரைக்கூடச் சுத்தம் செய்து குழாயில் விட்டார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீருடன் ரயில் வந்தபோது வில்லிவாக்கத்தில் அதற்கு வரவேற்பே நடந்தது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். அதற்கு 65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பாதாளச் சாக்கடை வடிவமைக்கும் பொறியாளர்களின் வழக்கமான கணிப்பு. குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறையில் ஊற்றிய நீர் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கொடும் கோடையில் வழங்கப்பட்ட 52.5 கோடி லிட்டரில் எண்பது விழுக்காடு என்றால் 42 கோடி லிட்டர். ஒரு கோடி லிட்டருக்காக இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயில் விட்ட நகரம், அதைப்போல் நாற்பது மடங்கு நீரை நாள்தோறும் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வற்றாத ஒரே நீர்நிலை அது. அதற்கு அந்த நாளிதழ்க் கட்டத்தில் ஒரு வரி இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சென்னை எப்போதுமே தண்ணீரை வெளியே தேடியே பழகிய ஊர். கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த மதராசுக்கு 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக நீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்காக மேயராக இருந்தபோது பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. பிறகு கண் கிருஷ்ணாவுக்குப் போனது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுத்தர 1976-இல் இசைந்தன. வழியில் போகும் இழப்பைக் கழித்து எல்லையில் 12 டி.எம்.சி. தருவதாக 1983-இல் ஒப்பந்தம் ஆனது. முதல் சொட்டு பூண்டிக்கு வந்தபோது 1996 ஆகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பன்னிரண்டு முழுதாக வந்த ஆண்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கிருஷ்ணா நீரைத் தேக்கி அனுப்பும் ஆந்திரத்துக் கண்டலேறு அணையில் இருப்பு இருக்க வேண்டும், வழியில் விவசாயிகள் எடுக்காமல் இருக்க வேண்டும், கால்வாய் உடையாமல் இருக்க வேண்டும்.

வீராணத்தின் கதை இன்னும் நீளம். பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீரநாராயண ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவரும் திட்டம் 1960-களின் இறுதியில் தொடங்கி, பாதியில் நின்றது. ஆளுயரச் சிமெண்டுக் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததையும், வீடற்ற குடும்பங்கள் அவற்றுக்குள் அடுப்பு மூட்டி வாழ்ந்ததையும் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2004-இல்தான் புதிய வீராணம் திட்டத்தின் குழாய் வழியாக நாளுக்கு 18 கோடி லிட்டர் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. மேட்டூர் திறந்தால் வீராணம் நிறையும். காவிரி பொய்த்தால் கடலூர் மாவட்டத்து உழவரும் சென்னைக்காரரும் ஒரே ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அடுத்தது கடல். மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. நெம்மேலியின் இரண்டாவது ஆலை, 15 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 4,276 கோடி ரூபாய். பேரூர் முழுமையாக ஓடத் தொடங்கினால் ஆண்டுக்கு ஐந்து டி.எம்.சி.க்கு மேல் கிடைக்கும். இதைக் குறைத்துச் சொல்வது நியாயம் இல்லை. மழையை நம்பாத நீர் என்பது சென்னை போன்ற ஊருக்கு ஒரு காப்பு. ஆனால் அதே மழையை நம்பாத நீர் நம் வீட்டுக் குளியலறைகளிலிருந்தும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய ஆகும் மின்சாரம் கடல்நீருக்கு ஆவதில் ஏறக்குறைய பாதி, சில இடங்களில் அதற்கும் கீழே.

காரணம் எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கழிவுநீரில், அழுக்கை நீக்கிவிட்டால், மிஞ்சும் உப்பு ஓரிரு கிராம். உப்புநீரை மென்படலத்தின் ஒரு பக்கத்தில் வைத்து அழுத்தினால் நீர் மட்டும் மறுபக்கம் கசியும். இதையே எதிர்ச் சவ்வூடு பரவல் என்கிறோம், வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவி செய்வதும் இதைத்தான். உப்பு கூடக்கூட அழுத்தம் கூட வேண்டும். கடல்நீருக்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் அறுபது மடங்கு அளவுக்குப் பம்பு தள்ள வேண்டும். கழிவுநீருக்குப் பத்து, பதினைந்து மடங்கு போதும். கடல்நீர் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரத்தை விழுங்குவது இதனால்தான்.

சென்னைக்கு இது புதிய செய்தியும் இல்லை. மணலியில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், குடிநீர் கிடைக்காத நெருக்கடியில், 1990-களின் தொடக்கத்திலேயே மாநகரக் கழிவுநீரை விலைக்கு வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. நாடு முழுவதற்கும் முன்மாதிரியான காரியம் அது. ஆனால் அடுத்த பெரிய அடி எடுத்து வைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள, மென்படலம் வரை போகும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் செயலுக்கு வந்தன. கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர் ஆலைகளுக்குப் போகிறது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது.

இரண்டும் சேர்ந்து முழுத்திறனில் ஓடினால் ஆண்டுக்கு 1.16 டி.எம்.சி. பூண்டிக்குப் பிறகு 76 ஆண்டுகள் கழித்து, 2020-இல் திறக்கப்பட்ட புதிய நீர்த்தேக்கமான கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் கொள்ளளவு அரை டி.எம்.சி. அதாவது, இரண்டு ஆலைக் கட்டடங்கள் ஒரு புது ஏரியைப்போல் இரண்டு மடங்கு நீரைத் தருகின்றன. நிலம் கையகப்படுத்தவும் வேண்டாம், வானத்தைப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஆலைகள் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. ஏரி திறந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்த ஆலைகள் ஊரில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

மீதிக் கழிவுநீர் என்ன ஆகிறது? கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் அது இரண்டாம் நிலை வரை சுத்தம் செய்யப்படுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவைத்து, கசடைப் படியவைத்து, அந்தக் கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமும் செய்கிறார்கள். இவ்வளவு உழைத்துத் தெளியவைத்த நீரைப் பிறகு கால்வாயிலும் கூவத்திலும் அடையாற்றிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் விடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுத்தம் செய்யாத சாக்கடையோடு கலந்து அது மறுபடியும் சாக்கடையாகிறது. துவைத்து உலர்த்திய வேட்டியை மடித்துச் சேற்றில் வைப்பதற்கு ஒப்பான வேலை.

மழைநீரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பெருக்கினால் 21 டி.எம்.சி. வருகிறது, நகரம் ஓராண்டுக்குச் செலவழிப்பதைவிடக் கூடுதல். அத்தனையையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. ஆற்றுக்கும் சதுப்புக்கும் முகத்துவாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு கிரவுண்டு மனையில், 2,400 சதுர அடியில், ஆண்டுக்கு விழும் நீர் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இருபத்தைந்து நடை அடித்தால் எவ்வளவோ அவ்வளவு. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அரசு கொண்டுவந்த சட்டம் அந்த நீரை நிலத்துக்குள் இறக்கியது. கிணறுகளில் நீர் ஏறியதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் அது உடனே தெரிந்தது. களிமண் பகுதிகளில் கிணறு ஆழமாக இறங்கி மணல் அடுக்கைத் தொட்டால்தான் பயன். மேலாக ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டால் கொசு வளரும், அவ்வளவே. இன்று பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழியின் மூடியைத் திறந்து பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வண்டல் அடைத்த குழிக்குள் நீர் இறங்காது. ஆடி மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தூர் வாரினால் அது மறுபடியும் வேலை செய்யும்.

வீட்டுக் குழியைவிடப் பெரிய இழப்பு ஏரிகளில் நிகழ்ந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்தாகும் சங்கிலி அமைப்பில் இருந்தது. தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அதன் எச்சங்கள். தியாகராய நகர் எழுந்தது 1920-களில் வற்றவைத்த மாம்பலம் ஏரியின் நிலத்தில். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை இன்றும் இருக்கிறது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே உள்ள ஏரி தெருவுக்குள் வழியும், கீழே உள்ள ஏரி காயும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அதே வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் இரண்டரை டி.எம்.சி., நகரத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும் நீர். அடையாற்றங்கரையில் உயிர்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு அது கடலுக்குப் போனது. மூன்றரை ஆண்டில் அதே ஏரியின் தரையில் ஆட்கள் நடந்து போனார்கள்.

நிலத்தடிக்கு வருவோம். வடசென்னைக்கு அப்பால் ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட மணல் அடுக்குகள் ஒரு காலத்தில் நல்ல நீர் நிறைந்த கிடங்குகள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் அமைத்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள். ஊறுவதைவிட அதிகம் இறைத்ததால் நல்ல நீரின் மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போனது. கடல் உள்ளே வந்தது. கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் கிணறுகள் உவர்த்தன. நெல் விளைந்த நிலத்தில் உப்பு பூத்தது. தண்ணீர் போனது சென்னைக்கு. உவர் மிஞ்சியது அந்த ஊர் உழவருக்கு.

இதே நோய் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டிக்கும் வந்தது. அவர்கள் 1970-களில் செய்தது கவனிக்கத்தக்கது. கழிவுநீரை மென்படலம் வரை சுத்தம் செய்து, கடற்கரையை ஒட்டி வரிசையாகத் தோண்டிய கிணறுகள் வழியாக நிலத்துக்குள் செலுத்தினார்கள். உள்ளே ஏற்றிய நல்ல நீர் ஒரு மதில்போல் நின்று கடலைத் தடுத்தது. மிஞ்சியது நிலத்தடியில் சேர்ந்து குடிநீருக்கும் ஆனது. 2008-இல் அதைப் பெரிய அளவில் தொடங்கி, 2023-இல் நாளுக்கு 49 கோடி லிட்டராக உயர்த்திவிட்டார்கள். 2019-இல் சென்னையிலிருந்து வெளியேறியதாக நாம் கணக்கிட்ட கழிவுநீரைவிடச் சற்றுக் கூடுதல் அது. கொடுங்கையூர் ஆலையும் உவர்த்துப்போன மீஞ்சூர் நிலமும் ஒரே வடசென்னை வட்டாரத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், பேரூருக்குப் போடும் பணத்தில் ஒரு பங்கை முதலில் இங்கே போட்டிருக்க வேண்டும்.

இதற்குத் தடைகள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசக் கூடாது. சுத்தம் செய்யக் கழிவுநீர் முதலில் நிலையத்துக்கு வர வேண்டும். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வந்து சேரவே ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, அதை உறிஞ்சிப் போகும் லாரி, அந்த லாரி இரவில் எங்கே கொட்டுகிறது என்ற கேள்வி. சிறு பட்டறைகளின் ரசாயனமும் சாயமும் வீட்டுச் சாக்கடையில் கலந்தால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மென்படலம் கெடும். மென்படலத்தில் பிரிந்து நிற்கும் செறிந்த கழிவை எங்கே விடுவது என்பதற்கும் விடை வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான வீடுகளில் குடிநீருக்கு மீட்டர் இல்லை. எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம். எங்கே எவ்வளவு போகிறது, எவ்வளவு கசிகிறது என்று தெரியாத ஊரில் திட்டம் போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு குடத்தை நிரப்புவதற்குச் சமம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மனத்தில் இருக்கிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்தம் செய்து நேராகக் குடிநீர்க் குழாயில் கலக்கிறது. சிங்கப்பூர் 2003-இல் நியூவாட்டர் என்று பெயர் சூட்டி, பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்கும் சிறு பகுதியை நீர்த்தேக்கத்துக்கும் தருகிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் பெறும் ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது என்ற கவலை அவர்களை முன்கூட்டியே உழைக்க வைத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தில் 2006-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தீட்டு, சுத்தம் என்ற எண்ணங்கள் நம்மிடம் இன்னும் ஆழமானவை. குழாயைத் திறந்தால் சாக்கடை வாடை வந்த நாட்களை அனுபவித்த தெருக்காரர் ஒருவரிடம், இது சுத்தமான நீர் என்று அரசு விளம்பரம் கொடுத்தால் அவர் நம்புவாரா? ஏரிகளின் இருப்பை அச்சிடுவதுபோல் அந்த நீரின் சோதனை முடிவுகளையும் நாள்தோறும் அச்சிட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஆலைக்குள் அழைத்துப்போய்க் காட்டி, இரண்டு மூன்று ஆண்டு அதை ஒரு ஏரியில் விட்டுப் பார்த்த பிறகு கேட்டால் அவர் யோசிப்பார்.

நெசப்பாக்கத்து நீரை மேலும் சுத்தம் செய்து போரூர் ஏரியில் விடும் யோசனை 2019 வறட்சியை ஒட்டியே எழுந்தது. அதைவிடவும் கோயம்பேட்டு ஆலையின் குழாயைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். நுண்வடிகட்டியும் ஓசோனும் எதிர்ச் சவ்வூடு பரவலும் தாண்டிய நீர் அதில் மேற்கே ஓடுகிறது. அது போய்ச் சேரும் இருங்காட்டுக்கோட்டை, செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கத்து ஊர்தான்.